வீடு மாற்ற ஆள் பிடிக்கும் முன் இதைப் படியுங்கள்: என் 1,380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போன கதை

வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விரலைக் கிழித்தது எங்கள் வீட்டுப் பீங்கான் தட்டுதான். சனிக்கிழமை காலை வரை அது தட்டாக இருந்தது. இன்று புதன்கிழமை. நான்கு நாள் போன் செய்து செய்து அலுத்து, இனி அந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்த பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உடையக்கூடிய வீட்டுச் சாமான்களை எப்படிக் கட்டி எடுத்துப் போவது என்று விவரமாகச் சொல்லத்தான் எண்ணம். கோபம் எவ்வளவு தூரம் விடும் என்று தெரியவில்லை.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், இருந்தவர்கள். ரப்பர் இருந்த காலத்தில் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்ட பிறகு அப்பா குலை வெட்டப் போனார். அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. வீட்டைத் தோட்டத்திடம் ஒப்படைக்க வேண்டிய நாள் வந்ததும் டவுனில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், சின்ன வீடாகப் பார்த்து வாங்கினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே 14 கிலோமீட்டர்தான். பினாங்குக்கோ ஜொகூருக்கோ போகவில்லை. அந்தப் பதினான்கில் முதல் ஐந்து கிலோமீட்டர் செம்மண் சாலை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அது கதைக்குள் வரும்.

சாமான் அதிகம் இல்லை. ஆனால் இருந்ததில் பாதி உடைகிற சாமான். அக்கா கல்யாணத்துக்கு ஈப்போவில் வாங்கிய நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு 18. அம்மாவின் ஊறுகாய் ஜாடி இரண்டு. கண்ணாடிச் சட்டம் போட்ட முருகன் படம், அப்பா படம். அப்பா வாங்கிய ஊசல் கடிகாரம். நான் சிறுமியாக இருந்தபோது மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்கு மாறினோம். தோட்டத்து டிராக்டரில் சாமானை ஏற்றி, தட்டுகளைக் கைலியிலும் கம்பளியிலும் சுற்றி, கடிகாரத்தை அப்பா மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு கீறல் விழவில்லை. இந்த முறை காசு கொடுத்து முறையாகச் செய்யலாம் என்று நினைத்தது நான்தான். அம்மா வேண்டாம் என்றார்.

முகநூலில் விளம்பரம் போடுகிற, லோரி வைத்து வீடு மாற்றித் தருகிற சேவை அது. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்டு எழுதவும் வேண்டாம். இந்த வகைச் சேவை எல்லா டவுனிலும் இருக்கிறது, பெயர் மாறலாம், பேச்சு மாறாது.

அளவு பார்க்க ஒருவர் வந்தார். அப்போது எனக்கு அவர் ‘அவர்’தான், இப்போது அந்த ‘ர்’ வாயில் வர மறுக்கிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். அலமாரியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து விரல் கணுவால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். “நல்ல பீங்கான் அம்மா, இப்போது இப்படிக் கிடைக்காது” என்றார். அதோடு விட்டிருந்தால் நான் மயங்கியிருக்க மாட்டேன். லோரியிலிருந்து ஒரு தடித்த அட்டைப்பெட்டியையும் அச்சடிக்காத வெள்ளைத் தாள்கட்டையும் கொண்டுவந்து திண்ணையில் உட்கார்ந்தார். தாளின் ஒரு மூலையில் தட்டை வைத்து உருட்டினார். நான்கு ஓரத்தையும் உள்ளே மடித்தார். பெட்டியின் அடியில் கசக்கிய தாளை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு, அதன்மேல் அந்தத் தட்டை நிமிர்த்தி, புத்தகம் வைப்பதுபோல் நிறுத்தினார்.

“தட்டைப் படுக்கப் போடக்கூடாது அம்மா. படுத்த தட்டு மேலே இருக்கிற பாரத்தையெல்லாம் நடுவயிற்றில் வாங்கும். நின்றால் ஓரம் தாங்கிக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும், அதனால்தான் வெள்ளைத் தாள். கட்டி முடித்ததும் பெட்டியை ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஏதாவது அசைந்தால் இன்னும் தாள் திணிக்க வேண்டும் என்று அர்த்தம்.”

ஒவ்வொரு சொல்லும் சரி. இப்போது படித்துப் பார்த்தாலும் சரி. தொழில் தெரியாதவன் உடைத்தால் மன்னிக்கலாம். இவனுக்குத் தெரியும்.

லோரிக்கும் ஆளுக்கும் 960 வெள்ளி. உடையும் சாமான்களை அவர்களே கட்டுவதற்குத் தனியாக 420. மொத்தம் 1,380. அந்த ஒரு தட்டைக் கட்டிய அழகைப் பார்த்து நான் பேரம்கூடப் பேசவில்லை. அன்றைக்கே 500 வெள்ளியை வங்கி வழியாக அனுப்பினேன். அம்மா மட்டும் அவன் போன பிறகு, “ஒரு தட்டுக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறார், பதினெட்டுக்கு எப்படி?” என்று கேட்டார். நான் சிரித்தேன்.

சனிக்கிழமை காலை அவன் வரவில்லை. இரண்டு பையன்களை அனுப்பியிருந்தான். போன் செய்தால், “வேறு ஒரு வேலையில் மாட்டிக்கொண்டேன் அக்கா, என் பையன்கள் என்னைவிட நன்றாகச் செய்வார்கள்” என்றான். அப்போதே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் புதிய வீட்டில் மின்சார வேலைக்காரர் ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது. அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு நான் கிளம்பினேன். அம்மா அவர்களுக்குப் பசியாறக் கொடுத்திருக்கிறார், தோசையும் சம்பலும். பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, பொருளும் கொடுத்தனுப்பவில்லை. வெள்ளைத் தாள் இல்லை, தடித்த பெட்டி இல்லை. மளிகைக் கடையில் மீ (நூடுல்ஸ்) பொட்டலம் வருகிற பெட்டிகளையும் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளையும் கொடுத்து அனுப்பியிருக்கிறான். 420 வெள்ளிக்கு.

மூன்று மணிக்கு லோரி தாமானுக்கு வந்தது. வானம் கறுத்து மழை எந்த நேரமும் விழலாம் என்று நின்றது. பின்கதவைத் திறக்கும் முன் பாக்கி 880 வெள்ளி வேண்டும் என்றார்கள். முதலாளி அப்படித்தான் சொல்லி அனுப்பினாராம். நனைந்துவிடுமே என்ற பயத்தில் அங்கேயே நின்று கைப்பேசியில் அனுப்பினேன். கணக்கு தீர்ந்தது, 1,380. கதவு திறந்தது. நான் கையில் வாங்கிய முதல் பெட்டி சலங்கைபோல ஒலித்தது.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கியிருந்தார்கள். இரண்டு தட்டுக்கு நடுவே ஒற்றைச் செய்தித்தாள். பெட்டியின் மேல்பகுதியில் ஒரு கை அகலம் வெறும் இடம், அதனால் ஐந்து கிலோமீட்டர் செம்மண் சாலையிலும் தட்டுகள் எழும்பி எழும்பி உட்கார்ந்திருக்கின்றன. நான் முதல் நாளே அம்மாவிடம் எழுதச் சொல்லி, அவர் பெட்டியின் மூடியில் கொட்டை எழுத்தில் ‘காச்சா’ (கண்ணாடி) என்று மலாயில் எழுதியிருந்தார். அந்த எழுத்தின்மேல்தான் அம்மிக்கல் இருந்த பெட்டியை ஏற்றியிருந்தார்கள். மூடியில் எழுதினால் மேலே அடுத்த பெட்டி ஏறியதும் மறைந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பதினெட்டில் 13 தூள். நான்கில் விரிசல். ஜாடி ஒன்று இரண்டாகப் பிளந்து, அதைச் சுற்றியிருந்த நினைவஞ்சலிப் பக்கமெல்லாம் எலுமிச்சை ஊறுகாய். முருகன் படமும் அப்பா படமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்து வந்தன. முருகன் தப்பித்தார், அப்பா கண்ணாடி போய்விட்டது. கடிகாரத்தை ஊசலைக் கழற்றாமல் அப்படியே தூக்கியிருக்கிறார்கள். ஊசல் தொங்குகிற மெல்லிய விசைத்தகடு அறுந்து, குண்டு முன்கதவுக் கண்ணாடியில் மோதியிருக்கிறது. ஊசலைத் தனியாக எடுத்துத் துணியில் சுற்றுவது அரை நிமிட வேலை. அப்பா அன்றைக்கு டிராக்டரில் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

மிஞ்சிய ஒரு தட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று மாலையே கூப்பிட்டேன். “அடடா, படம் எடுத்து அனுப்புங்கள் அக்கா.” 23 படம் அனுப்பினேன். புலனத்தில் (வாட்ஸ்அப்) நீலக்குறி விழுந்தது, பதில் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது, தோட்டத்துச் சாலை மோசமாம். அந்தச் சாலையில் வந்துதானே அளவு பார்த்தாய், அப்போது தெரியவில்லையா என்றேன். திங்கட்கிழமை, பெட்டியைத் திறக்கும்போது நாங்களே உடைத்திருக்கலாமாம். அன்று பிற்பகல், “முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்.” இதுவரை அவன்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பையன்களும் அப்படித்தான் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு பெண் குரல், அந்த அண்ணன் பினாங்குக்குப் போயிருக்கிறார் என்றது. பின்னால் அவன் இருமியது எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு, ரசீதின் பின்பக்கம் ‘உடையும் பொருளுக்குப் பொறுப்பில்லை’ என்று போட்டிருக்கிறதே என்று ஒரு குரல் பதிவு. உடையும் பொருளைக் கட்டுவதற்கு என்றுதானே தனியாக 420 வாங்கினாய்?

கடைசியாக ஒரு சலுகை வந்தது. அடுத்த முறை வீடு மாறும்போது 100 வெள்ளி கழிவு தருவார்களாம். அம்மாவுக்கு வயது 74. அவரிடம் சொன்னேன். “அடுத்து நான் போகிற இடத்துக்குத் தட்டு எதற்கு?” என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

சரி, ஆலோசனை சொல்வதாகச் சொன்னேன். விரல் வலிக்கிறது, சுருக்கமாக.

உடைகிற சாமானை நீங்களே கட்டுங்கள். அவன் திண்ணையில் சொன்னபடி, சனிக்கிழமை நடந்தபடி அல்ல. பாரமான பொருளுக்குச் சின்னப் பெட்டி, எடை குறைந்ததற்குப் பெரிய பெட்டி. பெட்டியின் அடியில் ஒரு டேப் போதாது, குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கள். கண்ணாடி என்று நான்கு பக்கமும் எழுதுங்கள். படங்களையும் முகக்கண்ணாடியையும் படுக்க வைக்காமல் நிறுத்திக் கொண்டுபோங்கள். கண்ணாடிமேல் டேப்பைக் குறுக்காக ஒட்டினால் உடையாது என்று சிலர் சொல்கிறார்கள். உடையத்தான் செய்யும், சில்லு சிதறாமல் இருக்கும், அவ்வளவுதான். ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றால், பெட்டி கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், என்னைப்போல் மின்சாரக்காரரைப் பார்க்க ஓடாதீர்கள். லோரியில் ஏறும் முன் படம் எடுங்கள். எது உடைந்தால் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பாக்கிப் பணத்தை இறக்கிப் பார்த்த பிறகே கொடுப்பேன் என்று முன்கூட்டியே பேசுங்கள். மழை வரும்போது பேசினால் எடுபடாது.

ரசீதின் பின்பக்கத்துக்குப் பயப்படாதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்கிற சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். பொறுப்பில்லை என்று ஒரு வரி அச்சடித்துவிட்டு அதிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போனால் போதும். நான் மூன்று ஆண்டெல்லாம் காத்திருக்கப்போவதில்லை. படிவத்தை நேற்றே நிரப்பிவிட்டேன். 1,380 வெள்ளியும், உடைந்ததற்கு உரியதும். உடைசல் எல்லாம் அப்படியே பெட்டியில் இருக்கிறது, அம்மாவைக் கூட்டிப் பெருக்க விடவில்லை.

அந்த ஒரு தட்டு. திண்ணையில் அவன் தன் கையால் சுற்றிக் காட்டியது. பையன்கள் அதைப் பிரிக்காமல் அப்படியே பெட்டியின் ஓரத்தில் செருகியிருக்கிறார்கள். பக்கத்தில் பதினேழும் போய்விட்டன, வெள்ளைத் தாளுக்குள் இது மட்டும் நிற்கிறது. ஒரு மடிப்பை விலக்கிப் பார்த்தேன், நீலக்கரையில் ஒரு கீறல் இல்லை. மறுபடி மூடி வைத்துவிட்டேன். நடுவர் மன்றத்தில் அவன் எதிரில் வைத்துப் பிரிக்கப்போகிறேன்.