லீட்டன் ஷயர் விவரக் கோப்பு: 1,200 ரூபாய்க்குத் தகுமா?

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையில் இயங்கும் ஒரு விசா ஆலோசனை நிலையத்தில், ஆஸ்திரேலியக் கிராமப்புற உள்ளாட்சிப் பகுதிகளைப் பற்றி ஊர்வாரியாகத் தயாரித்த விவரக் கோப்புகளை 1,200 ரூபாய்க்குத் தருகிறார்கள். 491 விசாவில் (திறன்பெற்ற பணியாளர்களுக்கு ஆஸ்திரேலியா தரும் தற்காலிகப் பிராந்திய விசா) செல்பவர் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்களுக்கு வெளியேதான் வசித்து வேலை பார்க்க வேண்டும் என்பதால், செவிலியரான என் தங்கைக்காக நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து லீட்டன் ஷயர் (கிராமப்புற உள்ளாட்சிப் பகுதியை அங்கே ஷயர் என்பார்கள்) கோப்பை வாங்கினேன். அட்டையில் இருப்பதோ, அங்கிருந்து 550 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிட்னி ஆபரா ஹவுஸ்.

உள்ளே விஷயம் இருக்கிறது. நிர்வாகப் பகுதியை எழுதியவர் நம் ஊர்க்காரருக்குப் புரிய வேண்டும் என்று யோசித்தே எழுதியிருக்கிறார். 426 சதுர கிலோமீட்டர் சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டுகள். ஏறத்தாழ 1,170 சதுர கிலோமீட்டரில் 11,000-க்குச் சற்று அதிகமான மக்கள் வாழும் லீட்டனின் உள்ளாட்சி மன்றத்துக்கு மொத்தமே 9 உறுப்பினர்கள். சாலை, குடிநீர், குப்பை, நூலகம் ஆகியவை மன்றத்தின் பொறுப்பு. மருத்துவமனையும் காவல்துறையும் மாநில அரசின் கையில். சொத்து வரியை நம்மைப் போலக் கட்டட அளவை வைத்துப் போடாமல், நிலத்தின் மதிப்பை வைத்துப் போடுகிறார்கள் என்பதையும், மன்றத் தேர்தலில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் உண்டு என்பதையும் இதைப் படித்துத்தான் அறிந்தேன்.

கோப்பின் உயிர் பாசனப் பகுதியில் இருக்கிறது. மரம்பிட்ஜி ஆற்று நீர் 1912-இல் வாய்க்கால்களில் பாயத் தொடங்கிய பின்னர், கான்பெராவை வடிவமைத்த வால்டர் பர்லி கிரிஃபின் போட்ட திட்டப்படி 1913-இல் உருவான ஊர் லீட்டன். 1920-களில் நெல் வந்தது. அக்டோபர் வாக்கில் விதைத்து, மார்ச் முதல் மே வரை அறுக்கிறார்கள். முளைகட்டிய விதையைத் தண்ணீர் நிற்கும் வயலில் விமானத்திலிருந்து தூவும் வழக்கமும் உண்டு. இந்த நெல்லை ஆலையில் அரைத்து விற்கும் சன்ரைஸ் (SunRice) அரிசி நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான்.

ஆனால் இந்த நெல் ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கப்படும் பாசன நீரின் அளவைப் பொறுத்தது. நல்ல ஆண்டில் பத்து லட்சம் டன்னைத் தாண்டிய ஆஸ்திரேலிய விளைச்சல், கடும் வறட்சிக்குப் பின் 2007-08-இல் 20,000 டன்னுக்கும் கீழே போனது. ஆலை வேலையை நம்பிக் குடிபெயர நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய இந்தச் செய்தியை, ஒரு படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒற்றை வரியாகப் போட்டிருக்கிறார்கள்.

மருத்துவப் பகுதி இன்னும் மோசம். லீட்டனில் மருத்துவமனை உண்டு என்பதோடு நிறுத்திவிட்டார்கள். பெரிய சிகிச்சைக்குச் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாகா வாகாவுக்குப் போக வேண்டியிருக்கும் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. தினசரி ரயில் இல்லாத ஊரில் கார் இல்லாமல் எப்படிக் காலம் தள்ளுவது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் போனா பழகிடும் சார்" என்றார் ஆலோசகர்.

எந்த ஊர் என்று முடிவு செய்துவிட்டவருக்கு நிர்வாகப் பகுதியும் பாசனப் பகுதியும் கொடுத்த பணத்துக்குத் தகும். ஊரையே இனிமேல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவருக்கு இது போதாது. விசா வேலையையும் இவர்களிடமே ஒப்படைத்தால் 1,200 ரூபாயைக் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறார்கள், ஆனால் நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். பணம் கட்டும்போதே அதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளவும்.