எஃப்இ சிவில் எக்ஸாமுக்கு ஊர்ல இருந்தே படிச்சது: ஆன்லைன் கோர்ஸ், ப்ராக்டிஸ் எக்ஸாம், ராம்நாடு ஸ்டடி ஹால் - மூணுக்கும் ரிவ்யூ

கீழக்கரை, ராம்நாடு, பெரியபட்டினம் பக்கத்துல சிவில் முடிச்ச பிள்ளைங்க நிறைய பேர் இப்ப வளைகுடாவ விட்டுட்டு அமெரிக்கா பக்கம் பாக்குறாங்க, அங்க போய் டிசைன்ல கையெழுத்து போடணும்னா ப்ரொஃபஷனல் இன்ஜினியர் லைசன்ஸ் வேணும், அதுக்கு முதல் படி இந்த எஃப்இ (ஃபண்டமெண்டல்ஸ் ஆஃப் இன்ஜினியரிங்) எக்ஸாம். நான் ஊர்ல இருந்து படிச்சிட்டு போய் ஹூஸ்டன்ல எழுதி பாஸ் பண்ணேன். அதுல இருந்து "ராத்தா எந்த கோர்ஸ் வாங்குறது"ன்னு ஜூனியருங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு முடியல. அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், எக்ஸாம்ல என்ன கேள்வி வந்துச்சுன்னு கேக்காதீங்க. உள்ள உக்காந்ததும் முதல்ல வர்றதே வெளில எதையும் சொல்ல மாட்டேன்கிற அக்ரிமெண்ட் தான். அதனால இது முழுக்க படிச்ச விதம் பத்தியும் காசு செலவழிச்ச விதம் பத்தியும் மட்டும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: நடத்துறது என்சிஈஈஎஸ்ங்கிற அமெரிக்க அமைப்பு. 2014ல இருந்து பேப்பர் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்ல தான், பியர்சன் வியூங்கிற கம்பெனியோட எக்ஸாம் சென்டர்ல வருஷம் பூரா நடக்கும். 110 கேள்வி, 5 மணி 20 நிமிஷம், நடுவுல 25 நிமிஷம் பிரேக், எல்லாம் சேத்து ஆறு மணி நேரம் ஆகும். நெகட்டிவ் மார்க் இல்ல. பாதி கேள்வி முடிச்சு சப்மிட் பண்ணிட்டு பிரேக்குக்கு எந்திரிச்சா அந்தப் பாதிக்கு திரும்பப் போகவே முடியாது, இத மனசுல வச்சுக்கங்க.

முதல்ல ஆன்லைன் கோர்ஸ். பேர் சொல்லல, அமெரிக்காக்காரங்க நடத்துறது, டாலர்ல கட்டணும், ரூபாய்க்கு மாத்திப் பாத்தா நெஞ்சு பக்குன்னு ஆகும். என் தீர்ப்பு அஞ்சுக்கு மூணு. வீடியோ பாதி, கேள்வி பேங்க் பாதின்னு குடுக்குறாங்க. வீடியோவுல சொல்லிக் குடுக்குறவர் நல்லாத் தான் சொல்றாரு, ஆனா அது படிச்சு ரொம்ப வருஷம் ஆகி எல்லாம் மறந்துபோன ஆளுக்கு. நம்ம ஊர் காலேஜ்ல ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமெண்ட் டயக்ராம கனவுல கூட வரையுற அளவுக்கு போட்டவங்களுக்கு அது தேவையே இல்ல, ஸ்பீட ஏத்தி ஓட விட்டும் போரடிச்சுது. லைவ் கிளாஸ் அவங்களுக்கு சாயங்காலம் ஏழு மணி, நமக்கு விடியக்காலம் அஞ்சரை, சுபுஹு தொழுதுட்டு உக்காந்தா சரியா இருக்கும், அது ஒண்ணு தான் எனக்கு வசதியா அமைஞ்சுது.

கேள்வி பேங்க் தான் அந்தக் காசுக்கு வேலை செஞ்சது. ஒவ்வொரு டாபிக்லயும் போட்டு போட்டு பாக்கலாம், தப்பாப் போனா விடை எப்படி வந்துச்சுன்னு முழுசா இருக்கும். சில விடைல யூனிட் மாறிக் கிடந்துச்சு, மெயில் போட்டா பதில் வர நாளாகும், வந்தாலும் "நன்றி, பாக்குறோம்" அவ்வளவு தான். அப்புறம் அந்த "பாஸ் ஆகலைன்னா காசு வாபஸ்" விளம்பரத்த நம்பி வாங்காதீங்க, கண்டிஷன படிச்சுப் பாருங்க, எல்லா வீடியோவையும் முழுசா பாத்திருக்கணும்னு இருக்கு, நம்ம எவனும் பாக்க மாட்டோம்னு தெரிஞ்சே வச்சிருக்காங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். நம்மாளு இந்த எக்ஸாம்ல மாட்டுறது சப்ஜெக்ட்ல இல்ல, யூனிட்லயும் டிசைன் கோட்லயும் தான். அத எந்தக் கோர்ஸும் நமக்குன்னு சொல்லித் தரல. எக்ஸாம்ல எஸ்ஐ யூனிட்டும் வரும், அமெரிக்கா யூனிட்டும் வரும். அடி, அங்குலம் நமக்கு பிரச்சனையே இல்ல, நம்ம கொத்தனார் இன்னைக்கும் அடில தான் பேசுறாரு, மணல் ஒரு யூனிட்னா 100 கன அடின்னு எல்லாருக்கும் தெரியும், அங்க காங்கிரீட்ட கியூபிக் யார்டுல சொல்வாங்க, அது 27 கன அடி, முடிஞ்சுச்சு. தகராறு பவுண்டுல. பவுண்டுல மாஸ் ஒண்ணு, ஃபோர்ஸ் ஒண்ணு, மாஸுக்கே ஸ்லக்னு இன்னொண்ணு, புவியீர்ப்பு 32.2ஆல எங்க வகுக்கணும் எங்க வகுக்கக் கூடாதுன்னு கை தானா ஓடுற வரைக்கும் போட்டுத் தான் ஆகணும். கிப்னா ஆயிரம் பவுண்டு ஃபோர்ஸ், கிட்டத்தட்ட 4.45 கிலோ நியூட்டன். தண்ணியோட யூனிட் வெயிட் 9.81 இல்ல, 62.4, கன அடிக்கு பவுண்டுல.

கோட்ல இன்னும் வேடிக்கை. நம்ம காங்கிரீட் கோடு ஐஎஸ் 456ல கிரேடு சொல்றது க்யூப உடைச்சுப் பாத்து, அங்க அவங்க கோடு ஏசிஐல சிலிண்டர உடைச்சுப் பாத்து. ஒரே காங்கிரீட்டுக்கு சிலிண்டர் ஸ்ட்ரெங்த் க்யூப்ல சுமார் 0.8 தான் வரும். அங்க 4000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு)ன்னு சொன்னா 27.6 மெகாபாஸ்கல், உடனே எம்25ன்னு நினைச்சிரக் கூடாது, க்யூப் கணக்குல அது எம்35 கிட்ட வந்துரும். கம்பில மட்டும் நிம்மதி, அவங்க 60 கேஎஸ்ஐ, அதாவது 60,000 பிஎஸ்ஐ, ஏறக்குறைய நம்ம எஃப்இ 415 கிரேடு கம்பி தான். நம்பர் 8 கம்பின்னா எட்டுல எட்டு, அதாவது ஒரு அங்குல விட்டம். நம்ம 1.5ஆல ரெண்டு லோடையும் ஒண்ணாப் பெருக்கிப் பழகுன கைக்கு டெட் லோடுக்கு 1.2, லைவ் லோடுக்கு 1.6ன்னு தனித்தனியாப் போடுறது, அப்புறம் கடைசில பெண்டிங் ஸ்ட்ரெங்த்த 0.9ஆல பெருக்கிக் குறைக்கிறது, இதெல்லாம் ஒரு வாரம் உறுத்தும், அப்புறம் பழகிரும்.

சர்வேல ஒரு இடம், நல்லா கவனிங்க. டிகிரி ஆஃப் கர்வ், அதாவது ரோடு வளைவு எவ்வளவு கூர்மைங்கிற கணக்கு. நம்ம புக்ல 30 மீட்டர் செயின்னா ரேடியஸ் 1719ஐ டிகிரியால வகுத்தா வரும், 20 மீட்டர்னா 1146. அங்க 100 அடி ஆர்க், அதனால 5729.58ஐ வகுக்கணும், விடை அடில வரும். பழைய ஞாபகத்துல 1719 போட்டா ஒரு விடை வரும், அதுவும் ஆப்ஷன்ல இருந்தா டிக் பண்ணிட்டு சந்தோஷமா அடுத்ததுக்குப் போயிருவோம். ரோடுலயும் இதே கதை, பிரேக் போட்டு வண்டி நிக்கிற தூரக் கணக்குல நம்ம 0.278ன்னு எழுதுற இடத்துல அங்க 1.47, ஏன்னா வேகம் மைல்ல. ரியாக்ஷன் டைம் மட்டும் ரெண்டு பக்கமும் 2.5 செகண்ட், மனுஷன் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி தான் பிரேக் போடுறான் போல. வாய்க்கால்ல தண்ணி ஓடுற மேனிங்க்ஸ் ஃபார்முலாவுல நம்ம ஒண்ணுன்னு விட்டுர்ற இடத்துல அங்க 1.486 வரும்.

நான் பண்ண ஒரு வேலை: கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த யூனிட்ல மாத்திப் பாத்துக்கிட்டே இருந்தேன். புதுப் பாம்பன் பாலத்துல மேல தூக்குற ஸ்பேன் 72.5 மீட்டர், அது 238 அடி. வீட்டு மாடித் தொட்டி ஆயிரம் லிட்டர், தண்ணி மட்டும் 2200 பவுண்டு, அதாவது 2.2 கிப், அத நாலு பில்லருக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு எவ்வளவு. உம்மா "என்ன முணுமுணுக்கிற"ன்னு கேட்டாங்க, ஆனா இது கோர்ஸ் வீடியோவ விட நூறு மடங்கு உபயோகமா இருந்துச்சு, காசும் கிடையாது.

எகனாமிக்ஸையும் எத்திக்ஸையும் தயவுசெஞ்சு தள்ளி விடாதீங்க. சிவில்ல எத்திக்ஸ் 4ல இருந்து 6 கேள்வி, எகனாமிக்ஸ் 5ல இருந்து 8 கேள்வி வரும்னு சிலபஸ்லயே போட்டிருக்காங்க. எகனாமிக்ஸுக்கு டேபிள் ஹேண்ட்புக்லயே இருக்கு, ரெண்டு மூணு நாள் உக்காந்தா போதும். எத்திக்ஸ்ல முதலாளியா பொதுஜனமான்னு வந்தா பொதுஜனத்தோட பாதுகாப்பு தான் முதல்ல, அத வச்சே பாதி தாண்டிரலாம்.

ஹேண்ட்புக்னு சொன்னேன்ல, அது தான் இதுல உயிரே. என்சிஈஈஎஸ் சைட்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணா ஃபார்முலா, டேபிள் எல்லாம் இருக்குற அந்த பிடிஎஃப் சும்மாவே கிடைக்கும், அஞ்சுக்கு அஞ்சு. எக்ஸாம் ஹால்ல உங்க புக்கு எதுவும் எடுத்துட்டுப் போக முடியாது, இந்த பிடிஎஃப் மட்டும் ஸ்க்ரீன்ல ஒரு பக்கம் திறந்திருக்கும், இன்னொரு பக்கம் கேள்வி. அதனால இத பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணி மஞ்சள் மார்க்கர்ல கோடு போட்டு படிக்கிறவங்களுக்கு ஒரு கும்பிடு, கை பழக வேண்டியது தேடுறதுக்கு. டிஃப்ளெக்‌ஷன் ஃபார்முலா வேணும்னு டிஃப்ளெக்‌ஷன்னு மட்டும் அடிச்சா கண்ட இடமெல்லாம் காட்டும், சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம்னு அடிச்சா நேரா டேபிளுக்கே போயிரும். நம்ம புக்ல ஒரு பேர், அவங்க ஹேண்ட்புக்ல வேற பேர், அத நூறு இடத்துல முட்டி முட்டித் தான் பழகணும். 320 நிமிஷத்த 110ஆல வகுத்தா ஒரு கேள்விக்கு மூணு நிமிஷம் கூட இல்ல, அதுல ஒரு நிமிஷம் தேடவே போச்சுன்னா எப்ப கணக்குப் போடுறது. டவுன்லோட் பண்றப்ப புது எடிஷன் தானான்னு பாத்துக்கங்க, வாட்ஸப் குரூப்ல சுத்துறது பழசா இருக்கும்.

இதுக்குத் தான் ஸ்டடி ஹால். வீட்ல பதினாலு இஞ்ச் லேப்டாப்ல கேள்வியையும் ஹேண்ட்புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எழுத்து எறும்பு மாதிரி தெரியும். எக்ஸாம் சென்டர்ல 24 இஞ்ச் மானிட்டர். ராம்நாட்ல பாரதி நகர் பக்கம் ஒரு ஸ்டடி ஹால் இருக்கு, முன்னாடி கேட் எக்ஸாம் கோச்சிங் சென்டரா இருந்த இடம், அதனால பெரிய மானிட்டர் சிலது இன்னும் கிடக்கு. நடத்துற அண்ணன்கிட்ட போய் என் லேப்டாப்ல அத மாட்டிக்கவான்னு கேட்டேன். "அது சும்மா தானே தங்கச்சி கெடக்கு, மாட்டிக்க, ஆனா என்ன எக்ஸாமு இது, ஆறு மணி நேரமா?"ன்னு கேட்டுட்டு ஓரமா ஒரு டேபிள் போட்டுக் குடுத்தாரு. மாசம் 900 ரூபா, மானிட்டருக்குத் தனியா எதுவும் வாங்கல. அஞ்சுக்கு நாலு குடுப்பேன்.

ஏன் அஞ்சு குடுக்கல? ஏசி மத்தியானத்துல மூச்சு வாங்கும், கரண்ட் போனா யுபிஎஸ் விளக்குக்கு மட்டும் தான், மானிட்டர் அணைஞ்சிரும், ஐப்பசி மழைல இது அடிக்கடி நடக்கும். கீழ பரோட்டா கடை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு கொத்து ஆரம்பிச்சா டங்கு டங்குன்னு அந்தச் சத்தத்துல மோர்ஸ் சர்க்கிள் எல்லாம் மறந்துரும். லேடீஸுக்கு தனி வரிசை இருக்கு, பாத்ரூம் சுத்தம், இது ரெண்டுக்காகவே வீட்ல தைரியமா அனுப்புனாங்க. சுத்தி இருக்குறவங்க எல்லாம் டிஎன்பிஎஸ்சி, போலீஸ் எஸ்ஐ எக்ஸாமுக்குப் படிக்கிறவங்க, காலைல எட்டு மணிக்கு வந்து உக்காந்தா எந்திரிக்கவே மாட்டாங்க, அதப் பாத்தா நமக்கும் எந்திரிக்க வெக்கமா இருக்கும். கீழக்கரைல இருந்து போறவங்க திருப்புல்லாணி வழியா வர்ற ஏர்வாடி பஸ் தான், வியாழக்கிழமை மட்டும் ஏர்வாடி தர்கா கூட்டத்துல அந்தப் பக்கம் நிக்க இடம் கிடைக்காது, அன்னைக்கு வீட்லயே படிங்க.

ப்ராக்டிஸ் எக்ஸாம் என்சிஈஈஎஸ் தானே விக்குறது இருக்கு, அத கண்டிப்பா வாங்குங்க. கோர்ஸ வாங்கலைன்னாலும் இத வாங்குங்க. கேள்வி எந்த அளவுக்கு நீளம், எப்படிக் கேக்குறாங்கன்னு இதுல தான் தெரியும். நாலு ஆப்ஷன்ல ஒண்ணு மட்டும் இல்ல, ஒண்ணுக்கு மேல சரியா இருக்கிறது, படத்துல சரியான இடத்த கிளிக் பண்றது, இழுத்து வைக்கிறது, விடைய டைப் பண்றது எல்லாம் உண்டு. இத சும்மா அப்பப்ப போட்டுப் பாத்து வீணாக்காதீங்க, கடைசி மாசத்துக்கு வச்சிருந்து, ஸ்டடி ஹால்ல செல்ஃபோன அண்ணன்கிட்ட குடுத்துட்டு, பிரேக்கும் அதே மாதிரி எடுத்து முழுசா எழுதுங்க. நான் அப்படி எழுதுனப்ப தான் மூணாவது மணி நேரத்துக்கு மேல தலை வேலை செய்யலைங்கிறது தெரிஞ்சுது, அதுக்கப்புறம் தெரிஞ்ச கேள்விய முதல்ல முடிக்கிறது, நீளமானத ஃபிளாக் பண்ணி விடுறதுன்னு மாத்திக்கிட்டேன்.

கால்குலேட்டர் பத்தி ஒரு வரி. கேசியோல பேர்ல எஃப்எக்ஸ் 991 இல்லைன்னா எஃப்எக்ஸ் 115 இருந்தா சரி, நம்ம காலேஜ்ல வச்சிருந்த 991 தான், புதுசு வாங்க வேணாம். ஆனா கவர கழட்டச் சொல்வாங்க. ரஃப் போட பேப்பர் கிடையாது, அழிச்சு எழுதுற புக்கும் ஒரு மார்க்கரும் குடுப்பாங்க, அந்த தடிச்ச எழுத்துல எழுதிப் பழக வீட்ல ஒரு சின்ன வொயிட் போர்டு வச்சுக்கங்க. சென்டர்ல உள்ளங்கைய ஸ்கேன் பண்ணுவாங்க, பாக்கெட், கண்ணாடி எல்லாம் பாப்பாங்க, மரியாதையாத் தான் நடத்துனாங்க. ரிசல்ட் ஒரு வாரம் பத்து நாள்ல மெயில்ல வரும், பாஸா ஃபெயிலா அவ்வளவு தான், மார்க் கிடையாது. ஃபெயில்னா எந்த டாபிக்ல பின்தங்குனீங்கன்னு ஒரு ரிப்போர்ட் வரும், மூணு மாச விண்டோவுக்கு ஒரு தடவை தான் எழுதலாம்.

லைசன்ஸ் குடுக்குறது என்சிஈஈஎஸ் இல்ல, ஒவ்வொரு ஸ்டேட் போர்டும் தான். கலிஃபோர்னியாவுல சிவில் லைசன்ஸுக்கு நிலநடுக்கத்துக்கும் சர்வேக்கும் தனியா எக்ஸாம் வேற இருக்கு. நீங்க போகப் போற ஸ்டேட்டோட ரூல பாத்துட்டு காசு கட்டுங்க, நம்ம டிகிரிய எவாலுவேஷன் பண்ணச் சொல்லுவாங்க, அதுக்கு யூனிவர்சிட்டி டிரான்ஸ்கிரிப்ட் வாங்க ஊர்ல இருக்கும்போதே அலைஞ்சு முடிச்சிருங்க, அங்குட்டு போய்ட்டு இங்குட்டு வாப்பாவ அலைய விடாதீங்க.

கோர்ஸ் வாங்குறவங்க கேள்வி பேங்க் மட்டும் தனியா குடுக்குறாங்களான்னு கேட்டுட்டு குறைஞ்ச மாசத்துக்கு வாங்குங்க. ஸ்டடி ஹாலுக்கு குரூப் ஃபோர் நோட்டிஃபிகேஷன் வந்துட்டா சீட்டே இருக்காது, முன்னாடியே நேர்ல போய் பேசிருங்க, மானிட்டர் வேணும்னு தனியாச் சொல்லணும், ஹெச்டிஎம்ஐ கேபிள் அங்க இல்ல, நீங்க தான் கொண்டு போகணும்.