பாங்காக் பார்சல்: குழம்புக் கடையா, வாணலிக் கடையா?

பாங்காக்கில் மலிவாகப் பார்சல் வாங்க இரண்டு வகைக் கடைகள் உண்டு. 'காவ் கேங்' கடையில் குழம்பும் வதக்கலும் தட்டுகளில் தயாராக இருக்கும். கைகாட்டினால் போதும், தாய்லாந்து மொழி தெரியாதவருக்கும் கவலையில்லை. பிளாஸ்டிக் பையில் குழம்பை ஊற்றி, காற்றோடு உப்பவைத்து, ரப்பர் பேண்டைச் சுற்றிக் கட்டும் வேகம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே போகலாம்! ஆனால் காலையிலேயே சமைத்தது. சாயங்காலம் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும்.

'ஆஹான் தாம் சங்' கடையில் நாம் கேட்ட பிறகுதான் வாணலி ஏறும். கொஞ்சம் நிற்கணும், சரி. ஆனால் துளசியும் மிளகாயும் மணக்கும் 'பட் கப்ராவ்' வதக்கல், மேலே ஓரம் முறுகிய முட்டை, சுடச்சுடக் கிடைக்கும். காரம் குறைக்கலாம், மீன் சாஸ் வேண்டாம் என்றும் சொல்லலாம். சைவக்காரர்களுக்கு இதுதான் தோது. மதியத்துக்கு முதல் கடை, ராத்திரிக்கு இரண்டாவது என்பது என் கட்சி.