விடுமுறையில் படிக்க: பன்யனா, அகுஸ்தினாரா, கெம்பிஸா?

கோடை விடுமுறையில் ஒரே ஒரு விசுவாச நூலைத்தான் படிக்க முடியும் என்றால், நான் ஜான் பன்யனின் 'மோட்சப் பிரயாணம்' பக்கம். பலர் அதை ஓய்வுநாள் பள்ளிக் கதை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முழு நூலை எடுத்துப் பாருங்கள். கதாநாயகன் கிறிஸ்தியானும் அவன் தோழனும் சுலபமான பாதை என்று நம்பி வழிமாறி, சந்தேகக் கோட்டையில் சிக்குகிறார்கள். அங்கே இருக்கும் இராட்சதன் அடிப்பதோடு நிற்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளவும் தூண்டுகிறான். புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை. நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்கி, விடியப்போகும் நேரத்தில்தான் கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது: வாக்குத்தத்தம் என்ற சாவி இத்தனை நாளும் அவனிடமேதான் இருந்திருக்கிறது! விசுவாசிக்கும் மனம் உடையும் என்பதை 1678லேயே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார், பிரசங்கித்ததற்காகச் சுமார் 12 ஆண்டுகள் சிறையில் கிடந்த அந்த மனிதர்.

மரபுக்கவிதை பழகியவர்களுக்கு எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) இருக்கிறது. கதை பன்யனுடையது, நடை கம்பனில் ஊறியது. விறுவிறுப்பு வேண்டுமா, பன்யனின் உரைநடை. வாய்விட்டுப் பாட வேண்டுமா, யாத்திரிகத்திலுள்ள 'இரட்சணிய தேவாரம்' என்ற பக்திப் பாடல்கள்.

ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தினார் தன் வாழ்க்கையைக் கடவுளிடம் அறிக்கையிடும் 'கன்ஃபெஷன்ஸ்' கடினம் என்பது பாதிதான் உண்மை. அதன் 13 பாகங்களில் முதல் ஒன்பது அவருடைய வாழ்க்கை. பசியே இல்லாமல் பேரிக்காய் திருடியதை எடுத்துக்கொண்டு, 'ஏன் செய்தேன்?' என்று தன்னையே துருவித் துருவிக் கேட்கிறார். பத்தாவதிலிருந்து நினைவு, காலம், படைப்பு என்று தத்துவத்துக்குள் இறங்கிவிடுகிறார். விடுமுறைக்கு முதல் ஒன்பதே போதும். வழிதவறிய பிள்ளைக்காக வருஷக்கணக்கில் ஜெபிக்கும் பெற்றோருக்கு மட்டும், பன்யனுக்கு முன் இதைத்தான் கொடுப்பேன். மகன் அகுஸ்தினாருக்காகத் தாய் மோனிக்கா வடித்த கண்ணீர் அவர்களுக்குத் தெரிந்த கண்ணீர்.

தாமஸ் கெம்பிஸின் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' எனக்கு மிகவும் பிரியமான நூல். ஆனாலும் விடுமுறைக்குச் சொல்லமாட்டேன். 15ஆம் நூற்றாண்டின் மடத்துத் துறவி எழுதியது. ஒரே மூச்சில் படித்தால் கண்டிப்பு மட்டும்தான் காதில் விழும். தினம் ஓர் அதிகாரம், காலை ஜெபத்தோடு, வருஷம் முழுக்க என்று படிக்க வேண்டியது.

சரி, விசுவாசிக்க முதலில் காரணம் வேண்டும் என்பவருக்கு? சி. எஸ். லூயிஸின் 'மியர் கிறிஸ்டியானிட்டி'. இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிபிசி வானொலி உரைகள், 1952ல் ஒரே நூலாயின. சபைப் பிரிவுச் சண்டைக்குள் போகாமல் தெளிவாகப் பேசுகிறது. துக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் இதை நீட்டாதீர்கள். மனைவியை இழந்தபின் லூயிஸே எழுதி 1961ல் வெளிவந்த 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' அவர்களுக்கு ஏற்றது. அதில் லூயிஸ் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை, கடவுளிடமே கோபமாகக் கேள்வி கேட்கிறார்.