கிரில் கதவு அசையும்போது இசை வேண்டுமா?

கோலாலம்பூர், செந்தூல் அடுக்குமாடி வீடொன்றில் நாங்கள் எடுத்த குறும்படத்தில் ஒரு காட்சி. இரவு. அக்கா ஒருவர் அடுப்படியில் வெங்காயம் நறுக்குகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் வாசல் கிரில் லேசாக அசைகிறது. இதைப் பின்னணி இசையோடு ஒன்று, இசையில்லாமல் ஒன்று என இரண்டு விதமாக வெட்டினோம்.

"மியூசிக் இல்லேன்னா சீன் படுத்துரும்ணே" என்றார் எடிட்டர் தம்பி. அவர் பக்கம் வலுவானதுதான். 'சைக்கோ' (1960) குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் எழுதியதைக் கேட்டபின் மனம் மாறினார். படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டுமே. எனக்கு அந்தக் கொலையைவிட, அதற்கு முன்பு நாயகி திருடிய பணத்தோடு கார் ஓட்டும் காட்சிதான் பெரிய பாடம். திரையில் ஒரு முகம், ஸ்டியரிங், சாலை, அவ்வளவுதான். அவள் நெஞ்சுக்குள் நடப்பதையெல்லாம் வயலின்கள் சொல்கின்றன. இசையை நிறுத்தினால் பயம் பாதியாகிவிடும்.

அதே ஹிட்ச்காக் 1963-இல் 'தி பேர்ட்ஸ்' படத்தில் வழக்கமான பின்னணி இசையை விட்டுவிட்டார். ஒலி ஆலோசகர் யார்? அதே ஹெர்மன்! பள்ளிக்கூடத்துக்கு வெளியே நாயகி உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே பிள்ளைகள் பாடுகிறார்கள். பின்னால் விளையாட்டுக் கம்பிகளில் காகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. பாடுகிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. பாட்டு முடிந்தால் வெளியே வந்துவிடுவார்களே என்று நம் வயிறுதான் பிசைகிறது.

பயம் பாத்திரத்தின் மனதுக்குள் இருந்தால் இசை. அவருக்குத் தெரியாமல் சுற்றி நின்றால் நிசப்தம். எங்கள் அக்காவுக்குக் கதவு அசைவது தெரியாது. இசை சேர்த்த வடிவம் எங்கே பயப்பட வேண்டும் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிட்டது. இசையில்லாததில் மேல்மாடி நாற்காலி இழுபடும் சத்தத்துக்குக்கூட உடம்பு சிலிர்த்தது.

ஆனால் நிசப்தத்துக்கு உழைப்பு அதிகம். வசனம் எடுக்கும்போது ஐஸ்பெட்டியை அணைத்தோம். பிறகு அதன் உறுமலைத் தனியாகப் பதிந்தோம். எல்லோரும் வாயை மூடி நிற்க, வெறும் அறையின் ஒலியை ஒரு நிமிடம் எடுத்தோம். இதைச் செய்யாவிட்டால், வெட்டும் இடமெல்லாம் காதில் துண்டு துண்டாகத் தெரியும்.

எடிட்டர் தம்பி சேர்த்த வயலின் இசை வீணாகவில்லை. மறுநாள் காலை அக்கா கொம்யூட்டர் ரயிலில் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு அதை மாற்றினோம். இப்போது அவருக்கு எல்லாம் தெரியும்.