மின்னல் மங்கியது, அதன் விளிம்பு மங்கவில்லை: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் லேயர் ஸ்டைல்கள்

வீடியோவில் வர ‘மின்னல்’ என்று ஒரு தலைப்பு. மங்கலாகத் தொடங்கி 20 பிரேமில், அதாவது வீடியோவின் 20 தனிப்படங்களுக்குள், தெளிய வேண்டும், அவ்வளவுதான். பெவல் (புடைப்புத் தோற்றம்), ஸ்ட்ரோக் (விளிம்புக் கோடு), டிராப் ஷாடோ (நிழல்) மூன்றையும், அசைவுப் படங்கள் செய்யும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் லேயர் ஸ்டைலிலிருந்தே, அதாவது ஒரு லேயருக்குப் பூசும் ஆயத்த அலங்காரங்களிலிருந்தே போட்டேன். மங்கவைக்கும் எஃபெக்ட்டான ஃபாஸ்ட் பாக்ஸ் பிளரை 40-இலிருந்து 0-க்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தால், எழுத்து பஞ்சாகிக் கிடக்கிறது, அதைச் சுற்றி ஸ்ட்ரோக் மட்டும் கம்பி வேலி மாதிரி கூர்மையாக நிற்கிறது. ஒரு சாயங்காலம் முழுக்க பிளரின் எண்களோடு மல்லுக்கட்டினேன். தப்பு எண்ணில் இல்லை, எனக்கு வரிசை தெரியாததில்தான்.

இந்த மென்பொருள் ஒரு லேயரில் எஃபெக்ட்டுகளை முதலில் முடித்துவிட்டு, லேயர் ஸ்டைலை அதற்குப் பிறகுதான் பூசும். அதாவது பிளர் ஆகி மங்கிப்போன வடிவத்தைப் பார்த்து அதன்மேல் பெவலும் ஸ்ட்ரோக்கும் புதிதாக வரையப்படுகின்றன. டைம்லைனில் பிளரை மேலே இழுத்தாலும் கீழே இழுத்தாலும் ஸ்டைலைத் தாண்டாது. நம் எழுத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ‘மின்னல்’ என்பதில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. பிளரில் முதலில் கரைவது அவைதான், அந்தக் கரைந்த புள்ளியைச் சுற்றியும் ஸ்ட்ரோக் ஓடும்!

தீர்வு, ப்ரீகம்போஸ்: லேயரை ஒரு தனி கம்போசிஷனுக்குள் வைத்து, அதை வெளியே ஒரே லேயராகப் பயன்படுத்துவது. கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. ‘எல்லாவற்றையும் புதிய கம்போசிஷனுக்கு நகர்த்து’ என்ற வழிதான் வேண்டும். எழுத்து லேயருக்கு, எஃபெக்ட்டையும் ஸ்டைலையும் வெளியிலேயே விட்டுவைக்கும் மற்ற வழி தேர்ந்தெடுக்கவே வராது, அது ஒருவகையில் நல்லதுதான். ஸ்டைல்கள் உள்ளே போய்விடும், பிளரை வெளியே போடுங்கள். இப்போது ஸ்ட்ரோக், நிழல், பெவலின் பளபளப்பு எல்லாம் ஒன்றாகவே மங்கும். வார்த்தையை மாற்ற ஒவ்வொரு முறையும் உள்ளே போய்வர வேண்டியிருப்பது ஒரு தொல்லை. எசென்ஷியல் கிராபிக்ஸ் பேனலில் சோர்ஸ் டெக்ஸ்டை (எழுத்தின் வாசகத்தை) சேர்த்துவிட்டால், வெளியிலிருந்தே மாற்றலாம், அதுவும் தீரும். தனக்குக் கீழே உள்ள எல்லா லேயர்களையும் பாதிக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் பிளர் போடலாமே என்பார்கள். போடலாம், பின்னணியும் சேர்ந்து மங்கும்.

அவசர வேலைக்கு நான் லேயர் ஸ்டைலையே தொடுவதில்லை. எஃபெக்ட் பட்டியலில் உள்ள பெவல் ஆல்பா, டிராப் ஷாடோ, அவற்றுக்குக் கீழே பிளர். எஃபெக்ட்டுகள் மேலிருந்து கீழாக வேலை செய்வதால் ப்ரீகம்போஸ் தேவையில்லை. ஆனால் பெவல் ஆல்பா முரட்டுத்தனமானது. ஒளிக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம் என்று ஸ்டைலில் வைக்கிற நுணுக்கம் அதில் கிடைக்காது.

அப்புறம் அந்த 20 பிரேம். 40-இலிருந்து 20 வரை குறைவது கண்ணுக்குப் பெரிதாகப் படாது. 4-இலிருந்து 0-க்கு வரும் இடத்தில்தான் எழுத்து ‘வந்து சேர்கிறது’. பிளர் ஒரே சீரான வேகத்தில் குறைந்தால் கடைசியில் சட்டென்று தெளிந்து, யாரோ ஸ்விட்ச் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் கடைசி கீஃப்ரேமுக்கு (மதிப்பைக் குறித்துவைக்கும் புள்ளிக்கு) ஈஸ் கொடுத்து, அதாவது வேகம் மெல்லக் குறையும்படி செய்து, கிராஃபில் அதன் வாலை நீட்டிவிட்டேன். பிளரில் உள்ள இட்டரேஷன்ஸை (எத்தனை முறை மங்கவைப்பது என்ற எண்ணை) 3-லேயே விடுங்கள். 1 என்று வைத்தால் மங்கல் கட்டம் கட்டமாகத் தெரியும்.

லேயர் ஸ்டைல் 2007-இல் இந்த மென்பொருளின் சிஎஸ்3 பதிப்பு வந்த நாளிலிருந்தே இருக்கிறது, ஒன்பது ஸ்டைல்களும் கைக்கு அடக்கமானவை. அசையாத தலைப்புக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. பிளரோடு சேர்த்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் ப்ரீகம்போஸ். என் ‘மின்னல்’ இப்போது ஒழுங்காகத் தெளிகிறது. 17-ஆவது பிரேமில் ‘ன்’னின் புள்ளி தெரிகிறது, அடுத்த பிரேமில் ‘ல்’லின் புள்ளி.