சைடு பேக் மாட்டுகிறேன் என்று சாரி கார்டைக் கழற்ற விடாதீர்கள்

பைக்கில் ஆபீஸ் போகிறவர்கள், அதிலும் வீட்டுப் பெண்களைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறவர்கள், வண்டிக்குப் பை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் பணம் போனது ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்திருக்க வேண்டியது, என் மனைவி கவனித்ததால் தப்பித்தோம்.

வீடு குரோம்பேட்டை, ஆபீஸ் காரப்பாக்கம். ரேடியல் ரோடு வழியாக ஒரு பக்கம் சுமார் 15 கிலோமீட்டர். லேப்டாப், சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு எல்லாம் சேர்ந்து 6 கிலோ வரும். மூன்று வருடம் முதுகில் சுமந்ததில் கழுத்திலிருந்து தோள் வரை வலி. இனி முதுகில் சுமை வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். சரி, வண்டியே சுமக்கட்டும் என்று செப்டம்பர் கடைசியில், மழை ஆரம்பிக்கும் முன், சென்னையில் பைக் ஆக்சஸரீஸ் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பேச்சைப் பல கடைகளில் கேட்கலாம்.

சீட்டின் இரண்டு பக்கமும் தொங்கும் சைடு பேக்கைக் காட்டினார்கள். விலை 4,200 ரூபாய். "அண்ணா, இது நூறு பர்சன்ட் வாட்டர் புரூஃப். ரெயின் கவரும் உள்ளேயே இருக்கு" என்றார் கடைப் பையன். வாட்டர் புரூஃப் பைக்கு ரெயின் கவர் எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பை சக்கரத்தின் பக்கம் சாயாமல் தாங்க ஒரு கம்பிச் சட்டம் உண்டு, ஸ்டே என்பார்கள். அது வேண்டாமா என்று மட்டும் கேட்டேன். "உங்க வண்டிக்குத் தேவையே இல்லண்ணா, வாரை டைட்டா இழுத்துக் கட்டினா அசையாது" என்றார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும், எஸ்டிமேட் போதுமே என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன். பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டு எதிரே டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பை மாட்டியாகிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் ஒரு வளைகாப்பு. பையை அவிழ்த்து வைத்துவிட்டு வண்டியை வெளியே எடுத்தேன். பட்டுப்புடவையில் ஏற வந்த மனைவி நின்றுவிட்டாள். "என்னங்க, இந்தப் பக்கம் கால்கிட்ட ஒரு கம்பி வலை இருக்குமே, எங்க?"

சாரி கார்டைக் காணோம். இடது பக்கப் பை அதன்மேல் முட்டிக்கொண்டு வெளியே தள்ளி நின்றிருக்கிறது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றிவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஓட்டி வந்த நானும் குனிந்து பார்க்கவில்லை. புடவை முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்திலும் செயினிலும் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் அப்படி விழுந்தவர்களை எல்லோருக்கும் தெரியும். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதியே சொல்கிறது. அன்று ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அவள் கையை நான் விடவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போன் செய்தால், "எல்லாரும் கழட்டிடுவாங்க சார், அதைப் பழைய இரும்புல போட்டுட்டோம்" என்று பதில். புது கார்டு வாங்கி மாட்டுகிறவரை மனைவியைப் பின்னால் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் ஆபீசுக்கு மட்டும் அந்தப் பையோடு போய்க்கொண்டிருந்தேன். அதுவும் தப்பு என்று இரண்டாவது வாரமே தெரிந்தது.

கீழ்க்கட்டளை தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. கொஞ்ச தூரத்தில் ரப்பர் தீய்ந்த வாடை. ஓரம் கட்டிப் பார்த்தால் இடது பையின் அடிப்பக்கம் உள்ளே சாய்ந்து டயரில் உரசி, ஒரு கை அகலத்துக்குத் துணி தேய்ந்துவிட்டிருக்கிறது. உள்ளே மழைக்கோட்டு இருந்ததால் அதுவும் கிழிந்திருந்தது. இன்னும் சில கிலோமீட்டர் போயிருந்தால் தொங்கிய வார் சக்கரத்தில் சுற்றியிருக்கும். வலது பையோ சைலன்ஸர் சூட்டில் ஓரம் சுருங்கி, பிளாஸ்டிக் போல இளகியிருந்தது. என் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். பார்த்ததும் அவர் கோபப்பட்டார்: "ஸ்டே இல்லாம யாரு சார் இதை மாட்டினது? சாரி கார்டு இருந்தாலாவது பை அதுமேல உக்காந்திருக்கும். அதையும் எடுத்துட்டாங்க." பையைச் சக்கரத்திலிருந்து தள்ளி வைத்திருக்க வேண்டிய ஒரே இரும்பைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் 4,200 கொடுத்தோமே என்று வலது பையை மட்டும், அலுமினியத் தகடு ஒன்று அடித்து, லேப்டாப்புக்கு வைத்துக்கொண்டேன். அக்டோபர் மழை வந்தது. ரெயின் கவர் போட்டுத்தான் ஓட்டினேன். பள்ளிக்கரணையிலிருந்து ஆபீஸ் வரை நல்ல மழை. போய்த் திறந்தால் பைக்குள் இரண்டு விரல் தண்ணீர். லேப்டாப் அன்றே போய்விட்டது. மதர்போர்டு மாற்ற ஆன செலவில் ஒரு பகுதியை ஆபீஸ் என்னிடம் வசூலித்தது.

தண்ணீர் எப்படி வந்தது என்று பையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். துணி என்னவோ நல்ல துணிதான், உள்ளே பூச்சு இருக்கிறது. ஆனால் தைத்த இடமெல்லாம் ஊசி ஓட்டை. நூல் வழியாகத் தண்ணீர் இறங்கும். தையல் மேல் டேப் ஒட்டியிருந்தால்தான் அது நிற்கும், இதில் எங்கும் டேப் இல்லை. ஜிப்பும் சாதாரண ஜிப். ரெயின் கவர் மேலிருந்து வரும் மழையை ஓரளவு தடுக்கும், சக்கரம் கீழிருந்து அடிக்கும் தண்ணீரை என்ன செய்யும்? ஒருமுறை உள்ளே போனது வெளியே வரவும் வழியில்லை. கவரே கிண்ணம் மாதிரி பிடித்து வைத்துக்கொள்கிறது.

அதனால் வாட்டர் புரூஃப் என்று யார் சொன்னாலும், பையை உள்பக்கம் திருப்பித் தையலைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் தரக் குறியீடு ஐ.பி.எக்ஸ். அதில் ஐ.பி.எக்ஸ் 4 என்று போட்டிருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்றுதான் அர்த்தம். வலுவாகப் பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு ஐ.பி.எக்ஸ் 6. நம் வடகிழக்குப் பருவமழையில் தினமும் ஓட்டுகிறவருக்குத் தைக்காமல் சூட்டில் ஒட்டிய, வாயை மூன்று சுற்றுச் சுருட்டி மூடுகிற பைதான் சரி. வாங்கியதும் உள்ளே செய்தித்தாளைப் போட்டு பத்து நிமிடம் குழாயடியில் வையுங்கள். தாள் நனைந்தால் அன்றே திருப்பிக் கொண்டுபோங்கள், மழை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

மாட்டும்போது டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். எதைக் கழற்றினாலும் ஏன் என்று கேளுங்கள். பையில் உங்கள் சுமையை வைத்து, பின்னால் ஒருவரை உட்காரவைத்து, வண்டியை அமுக்கிப் பார்த்து, சக்கரத்துக்கும் பைக்கும் எவ்வளவு இடைவெளி என்று கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். இண்டிகேட்டர் மறைகிறதா என்றும் பாருங்கள், எனக்கு ஒரு பக்கம் பாதி மறைந்திருந்தது. சீட்டுக்குப் பின்னால் ரேக்கில் மாட்டும் பெட்டி, அதாவது டாப் பாக்ஸ் பக்கம் போகிறவர்கள் அந்த ரேக் எத்தனை கிலோ தாங்கும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுமை பின் அச்சுக்கும் பின்னால் போய் உட்காருவதால் முன்சக்கரம் லேசாகும், வேகத்தில் ஹேண்டில் ஆடும்.

லேப்டாப் போன மறுநாள் பையோடு கடைக்குப் போனேன். "வித்த பொருள் வாபஸ் இல்லை, போர்டைப் பாருங்க" என்றார் முதலாளி. வாங்கி 30 நாள்கூட ஆகவில்லை. பில்லில் வேறு கெடு எதுவும் குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அதே கணக்குத்தான். அந்தப் போர்டைப் பார்த்துப் பயந்து திரும்பாதீர்கள். பில் வாங்காமல் விட்டது என் பெரிய தவறு, ஆனால் ஜிபே ரசீதும் எஸ்டிமேட் சீட்டும் கையில் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அவற்றை வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

இப்போது பின்சீட்டில் கட்டும் சுருட்டு வாய்ப் பை ஒன்றை வைத்திருக்கிறேன், நவம்பர் மழையிலும் லேப்டாப் நனையவில்லை. சனி, ஞாயிறு அதை அவிழ்த்துவிட்டால் மனைவிக்கு இடம். புது சாரி கார்டு மாட்டியாகிவிட்டது. அதன் நான்கு போல்டையும் மெக்கானிக் முறுக்கி முடிக்கும்வரை இந்தத் தடவை பக்கத்திலேயே நின்றேன். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை. வந்ததும் எழுதுகிறேன்.